மண்ணுக்குள் கிடக்கும் தோட்டாக்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) நடந்த நிலங்களில் உலோகங்காட்டிக் கருவியுடன் தேடுவோரிடம் மிகுதியாக அகப்படுவது, பிரெஞ்சு அதிகாரி மினியே 1849இல் உருவாக்கிய வடிவத்தைத் தழுவி, முனை கூம்பாகவும் அடிப்புறம் குழிவாகவும் செய்யப்பட்ட ஈயத் தோட்டாவாகும். இவற்றுள் சிலவற்றில் பல் தடங்கள் காணப்படுவதால், மயக்க மருந்தின்றிக் கை கால்கள் வெட்டப்பட்ட வீரர்கள் வலி பொறுக்கக் கடித்தவை இவை என்னும் நம்பிக்கை வேரூன்றிவிட்டது. ஆனால் அப்போரின் அறுவைக் கூடாரங்களில் குளோரோஃபார்மும் ஈதரும் பரவலாகப் பயன்பட்டன. ஆழமாகவும் தாறுமாறாகவும் பதிந்த தடங்களில் பெரும்பாலானவை, மண்ணைக் கிளறி இரை தேடும் பன்றிகள் மென்றதால் உண்டானவை. தடத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து பாராமல் ஒரு வீரனின் வேதனையை அதன்மீது ஏற்றிச் சொல்வது, உண்மையிலேயே வேதனைப்பட்டவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

தோட்டாவைக் கொண்டே சுட்டவரின் தரப்பைச் சொல்லிவிடலாம் என்பதும் பெரும்பாலும் பொருந்தாது. 1853ஆம் ஆண்டு மாதிரியான பிரிட்டிஷ் என்ஃபீல்டு துப்பாக்கியை இரு தரப்பினருமே ஏந்தினர். தோட்டா சுடப்பட்டதா, கைதவறி விழுந்ததா என்பதை அறிவது எளிது: வெடிமருந்தின் அழுத்தத்தால் அடிப்புறம் விரிந்து, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்களில் அழுந்துவதால், சுடப்பட்ட தோட்டாவின் பக்கங்களில் அவற்றின் தடம் நிற்கும்.

உருண்டையான இரும்பெல்லாம் பீரங்கிக் குண்டாகிவிடாது. கனிமங்களை அரைக்கும் ஆலை உருளைகளுக்குள் இடப்படும் இரும்புப் பந்துகள் பல அப்பெயரில் விலைபோகின்றன. பன்னிரண்டு பவுண்டு பீரங்கியின் திண்மக் குண்டு ஏறத்தாழ 11.5 செ.மீ. விட்டமும் ஐந்தரை கிலோ எடையும் கொண்டது. அக்கால இராணுவ அளவுகளோடு விட்டம், எடை இரண்டுமே ஒத்துவர வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டு கடந்தால் வெடிமருந்து செயலிழந்துவிடும் என்பதே இவற்றுள் உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. உள்ளீடற்ற குண்டுகளில் ஈரம் புகாமல் அடைபட்ட கருமருந்து இன்றும் வெடிக்கும். 2008இல் வர்ஜீனியாவில் இத்தகைய குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். ஐயத்துக்குரிய குண்டைத் தொடாமல் விலகிச் சென்று காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

பொருள் கையில் இருந்தால் போதும், கிடைத்த இடம் பொருட்டல்ல என்னும் எண்ணமும் தவறானது. 1876இல் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இன் புல்தீக்குப் பின் ஆய்வு மேற்கொண்ட தொல்லியலாளர்கள், தோட்டா உறைகளில் துப்பாக்கி ஊசி விட்டுச்சென்ற தடங்களை ஒப்பிட்டுத் தனித்தனித் துப்பாக்கிகள் களத்தில் நகர்ந்த வழியையே கண்டறிந்தனர். ஒவ்வோர் உறையும் கிடந்த இடம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்ததாலேயே அது இயன்றது.