முழங்காலுக்கு யார் பொறுப்பு?

பால்டிமோர்,
ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்தின் ஏஜென்ட் தேர்வில் நீ தேறிவிட்டாய் என்று உன் அப்பா சொன்னதும், பெரியம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்துதான் போனைக் கையில் வாங்கினாள். சட்டம் படித்த பிள்ளை கோர்ட்டுக்குப் போகாமல் பந்தாட்டக்காரர்களுக்காகப் பேரம் பேசப் போகிறாளே என்று உன் அப்பாவுக்குக் குறைதான். எனக்கு இல்லை. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

முதல் வேலையே அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவரின் ஒப்பந்தம், மூத்தவருக்கு உதவியாக உட்காரப் போகிறேன் என்றாய். பேச்சோடு பேச்சாக, "ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் 25 கோடி டாலரை வேண்டாம் என்றாரே, அது பேராசைதானே பெரியப்பா?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2022 டிசம்பர் 4 அன்று எங்கள் பால்டிமோர் ரேவன்ஸுக்கு டென்வர் அணியோடு இங்கே ஆட்டம். நான் மேல் அடுக்கில் இருந்தேன். முதல் குவார்ட்டரிலேயே ஜாக்சனைப் பிடித்துக் கீழே சாய்த்தார்கள். எழுந்து நடந்துதான் போனார். ஆனால் மறுபடி களத்துக்கு வரவில்லை. ரேவன்ஸ் 10-9 என்று ஜெயித்தும் எங்கள் வரிசையில் யாரும் துள்ளவில்லை. எனக்கு அடுத்த இருக்கையில் அவருடைய எட்டாம் எண் சட்டையைக் கோட்டின் மேல் போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு மூதாட்டி, ஆட்டத்தைப் பார்க்காமல் வீரர்கள் உள்ளே போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் தசைநார்க் காயம். அந்தப் பருவத்தில் ஜாக்சன் அதன்பிறகு ஆடவே இல்லை. சின்சினாட்டியில் பிளேஆஃப் ஆட்டத்தில் அணி தோற்றபோதும் அவர் களத்தில் இல்லை.

அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்னால்தான் நீ சொன்ன 25 கோடி பேச்சு. ஐந்து ஆண்டுக்கு அவ்வளவு என்று செய்திகள் சொல்லின. அதே செய்திகளின் உள்ளே இன்னொரு எண் இருந்தது: கையெழுத்துப் போட்ட அன்றே உறுதியாகும் பணம் 13.3 கோடி. அவர் வேண்டாம் என்றது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை.

இந்த லீகில் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆட்டக்காரர் ஐந்து ஆண்டு கட்டுப்பட்டவர். அணி அப்படி அல்ல. வேண்டாம் என்று தோன்றினால் இடையில் விடுவித்துவிடலாம், மீதிச் சம்பளம் அதோடு போயிற்று. பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் பெரும்பாலும் எழுதிய தொகை கைக்கு வந்துவிடும். இங்கே, உத்தரவாதம் என்று எழுதப்பட்ட பங்கு மட்டுமே வரும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 1998இல் மதுரையிலிருந்து ஒரு கம்பெனி என்னை நியூ ஜெர்சிக்கு அழைத்து வந்தது. முதல் பக்கத்தில் ஆண்டுச் சம்பளம் பெரிதாக இருந்தது, தாத்தாவிடம் காட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நான்காம் பக்கத்தில், புராஜெக்ட் கிடைக்காத நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்று ஒரு வரி. பதினோரு வாரம் ஆறு பேரோடு ஒரே வீட்டில், சோறும் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியுமாக, போன் அடிக்குமா என்று காத்துக் கிடந்தேன். அதிலிருந்து எந்த ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். நீயும் அப்படிப் பழகிக்கொள்.

உத்தரவாதம் என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிடாதே, என்ன உத்தரவாதம் என்று பார். கையெழுத்துப் போட்ட நிமிடமே உறுதியாவது ஒன்று. காயம் பட்டால் மட்டும் உறுதி, ஆட்டம் சோடை போனால் இல்லை என்பது இன்னொன்று. குறிப்பிட்ட ஆண்டு மார்ச்சில் இன்ன தேதிக்கும் அணியில் இருந்தால்தான் உறுதி என்பது வேறொன்று, அந்தத் தேதிக்கு முதல் நாளே அவரை விடுவிக்கலாம். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கித்தான் டிவியில் சொல்வார்கள். 2023இல் ஜாக்சன் கடைசியாகக் கையெழுத்திட்ட ஐந்து ஆண்டு, 26 கோடி ஒப்பந்தத்தில் மொத்த உத்தரவாதம் 18.5 கோடி. அன்றைக்கே உறுதியானது 13.5 கோடிதான்.

அப்படியானால் ஓராண்டு காத்திருந்து என்ன கண்டார் என்று கேட்பாய். அதைச் சொல்ல கிளீவ்லாண்டுக்குப் போக வேண்டும். 2022 மார்ச்சில் அங்குள்ள பிரவுன்ஸ் அணி தன் புது குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்கு ஐந்து ஆண்டுக்கு 23 கோடி கொடுத்தது, ஒவ்வொரு டாலரும் உத்தரவாதம். மற்ற அணி முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. உறுதி செய்த எதிர்காலப் பணத்தை அணி முன்கூட்டியே தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று லீகில் ஒரு பழைய விதி, அதைக் காரணம் காட்டி மறுப்பது அணிகளின் வழக்கம். வாட்சனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடையாது என்று ஜாக்சன் கேட்டது நியாயமான கேள்வி. 2019இல் ஒரு வாக்குகூடச் சிதறாமல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் அவர். ஆனால் வாட்சன் பிரவுன்ஸுக்காக முதல் மூன்று பருவத்தில் ஆடியது 19 ஆட்டங்கள்தான், தடைக்காலமும் காயமும் மிச்சத்தைத் தின்றுவிட்டன. அதைப் பார்த்தபிறகு இன்னொரு முதலாளி அப்படிக் கையெழுத்திடுவார் என்று நான் நம்பவில்லை.

2023 மார்ச்சில் ரேவன்ஸ் ஜாக்சன்மேல் ஃபிரான்சைஸ் டேக் போட்டது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை ஓராண்டுச் சம்பளத்துக்குப் பிடித்து வைக்கும் உரிமை அது, அவருக்கு 3.24 கோடி. வேறு அணிகள் அவரோடு பேசலாம், ஆனால் ரேவன்ஸ் அதே தொகையைக் கொடுக்க மறுத்தால், எடுத்துக்கொள்ளும் அணி, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் தன் முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டைத் தர வேண்டும். ஓர் அணிகூட விலை சொல்லவில்லை. தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லியிருந்ததை அவர் வெளியே சொன்னார். ஏப்ரல் 27ஆம் தேதி சமாதானம் ஆயிற்று. அவர் கண்டது 7.25 கோடி கையெழுத்து போனஸ். அது ரொக்கமாகக் கைக்கு வருகிறது. அணியின் கணக்கிலோ ஐந்து ஆண்டுக்குப் பிரித்து எழுதப்படுகிறது, நடுவில் விடுவித்தால் மீதி முழுவதும், அணி ஆண்டுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பில் வந்து விழும். ஆகவே பெரிய போனஸ் கொடுத்த ஆளை அணி லேசில் கைகழுவாது. உத்தரவாதம் என்று பெயரிடாத உத்தரவாதம் அது. இதை மறக்காதே.

ஆண்டுகளின் எண்ணிக்கையிலும் கண் வை. 2020இல் இன்னொரு குவார்ட்டர்பேக், பேட்ரிக் மஹோம்ஸ், பத்து ஆண்டுக்கு 45 கோடி என்றபோது நானும் வாயைப் பிளந்தேன். அந்த ஆண்டு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 19.82 கோடி, 2025இல் 27.92 கோடி. விலை ஏறும் சந்தையில் நீண்ட ஒப்பந்தம் அணிக்குத்தான் லாபம். அதே 2020இல் டல்லஸ் அணி ஐந்து ஆண்டு கேட்டது, அதன் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் நான்குக்கு மேல் இணங்கவில்லை. டேக் சம்பளத்தில் ஆடப் போனார், அக்டோபரில் கணுக்கால் முறிந்தது. அந்த ஸ்ட்ரெச்சர் வண்டியில் அவர் கண்ணைத் துடைத்தபடி போனதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் 2021 மார்ச்சில் 16 கோடிக்கு நான்கே ஆண்டு ஒப்பந்தம் வாங்கினார். 2024 செப்டம்பரில் திரும்பவும் மேசைக்கு வந்து 24 கோடி, அதில் 23.1 கோடி உத்தரவாதம். இங்கே ரேவன்ஸின் பழைய குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவும் அணி சொன்னதை மறுத்துவிட்டு ஆடி, 2013 பிப்ரவரியில் லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை ஜெயித்து, அடுத்த மாதமே 12.06 கோடிக்குக் கையெழுத்திட்டவர்தான். இவர்களைக் காட்டி உன் ஆட்டக்காரரை உசுப்பாதே. காத்திருந்து தோற்றவர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பொறுப்பதா முடிப்பதா என்று சொல்ல வேண்டியவர் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர்.

இன்னொன்று. உன் ஆட்டக்காரர் அதிகம் வாங்கினால் அவரைக் காத்து நிற்கும் ஐவருக்கும் பந்து பிடிப்பவர்களுக்கும் குறையும் என்று அணிக்காரர்கள் சொல்வார்கள். கணக்கில் அது உண்மை. ஆனால் உச்சவரம்பு ஆட்டக்காரர் விதித்ததல்ல. எந்த ஆண்டு எவ்வளவு என்று மாற்றி அமைக்க இணங்கலாம், மொத்தத்தைக் குறைத்துக்கொள் என்ற குற்றவுணர்வை மட்டும் அவர் தலையில் ஏற்ற விடாதே.

அந்தப் பேரத்தில் ஜாக்சனுக்கு ஏஜென்ட் கிடையாது, அம்மாதான் துணை. சங்க விதிப்படி ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 3 சதவீதம், 26 கோடிக்கு அது 78 லட்சம் டாலர். அதை மிச்சம் பிடித்தார் என்பார்கள். எனக்கோ, தன்னைப் பற்றி அணி சொல்லும் குறைகளையெல்லாம் ஆட்டக்காரர் தன் காதாலேயே கேட்க வேண்டியிருந்ததே என்றுதான் மனம் வலித்தது. அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ளத்தான் உனக்குக் கூலி. ஏஜென்டின் பெயர் டிவியில் வருவது பெரிய எண்ணால், அந்த ஆசை உன்னையும் தொடும். தொடும்போது அந்த நான்காம் பக்கத்தை நினைத்துக்கொள்.

முதல் கூட்டத்துக்கு முன் ஒரு தாள் எடு. இன்று முழங்கால் போனால் கைக்கு எவ்வளவு, அடுத்த பருவம் போனால் எவ்வளவு, மூன்றாம் பருவம் போனால் எவ்வளவு என்று எழுது. சுற்றி வளைக்காமல் உன் ஆட்டக்காரர் முன்னால் வை. அவருடைய அம்மா பக்கத்தில் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி கொடு, அவர் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்.

அன்புடன்,
பெரியப்பா