கமேலியா: நம்ம தேயிலையின் அக்காள் தங்கைகள்



சென்ற மாதம் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை எங்களிடம், "சேர், பங்களாவுல ரோசாப்பூ மாதிரி பூக்குற மரத்தோட இலை ஏன் தேயிலை மாதிரியே இருக்கு?" என்று கேட்டது. பக்கத்தில் இருந்த அதன் அம்மா, "நமக்கு அதெல்லாம் எங்க தெரியும்? நமக்குக் கொழுந்து எடுக்கத்தானே தெரியும்" என்று சிரித்தார். இருவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

பிள்ளை பார்த்தது கமேலியா. தேயிலைக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரும் கமேலியா சினென்சிஸ் என்பதே. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பிலிப்பைன்ஸ் நாட்டில் மூலிகைகளை ஆராய்ந்து 1706இல் இறந்த கமெல் என்ற கிறிஸ்தவத் துறவியின் நினைவாக, லின்னேயஸ் என்ற சுவீடன் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார்.

பூந்தோட்டங்களில் முக்கியமாக மூன்று வகைகள் உண்டு. ஜப்போனிக்கா வகைக்குப் பெரிய பூ, பளபளப்பான தடித்த இலை. சசாங்குவா வகைக்குச் சிறிய இலை. அது முந்திப் பூக்கும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும். சீனாவின் யுனான் மாகாணத்து ரெட்டிகுலாட்டாவின் பூ மிகப் பெரியது. இவற்றிலிருந்து வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, இரு நிறக் கோடு என்று ஆயிரக்கணக்கான ரகங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். செவ்வரத்தையில் இருப்பது போல ஒற்றைப் பூவும் உண்டு, அடுக்குப் பூவும் உண்டு. 1792இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போன வெள்ளை அடுக்குக் கமேலியா இன்றும் வளர்க்கப்படுகிறது. ஜெர்மனியில் பில்னிட்ஸ் என்னுமிடத்தில் 1801இல் நட்ட மரம் இன்னும் பூக்கிறது. பனிக்காலத்தில் அதற்கென்றே ஒரு கண்ணாடி வீட்டை நகர்த்தி மூடுகிறார்கள்!

அப்படியானால் நம்ம தேயிலை ஏன் பூப்பதில்லை? பூக்கும். கவ்வாத்து வெட்டாமல் காடாகிப் போன மலையில் பாருங்கள்: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம், பிறகு கொட்டை. சும்மா விட்டால் அசாம் தேயிலை பெரிய மரமாகவே வளரும். கொழுந்து எடுத்து எடுத்து, கவ்வாத்து வெட்டி வெட்டி, அதை இடுப்பளவில் வைத்திருப்பது நம்ம கைகள்தான்.

கமேலியாவுக்கு இதன் மறுபக்கம். நமக்கு வேண்டியது பூ. எனவே பூத்து முடிந்த உடனே இலேசாக வெட்ட வேண்டும். பிந்தி வெட்டினால் அடுத்த முறைக்கான மொட்டும் சேர்ந்து போய்விடும்.

நடுவதற்கு மலைநாட்டுக் குளிரும், தேயிலை கேட்கும் அதே புளிப்பு மண்ணும் நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. உச்சி வெயில் படாத அரை நிழல் போதும். வேர் மேலாகவே ஓடுவதால் ஆழப் புதைக்காதீர்கள்; அடியில் காய்ந்த இலை பரப்புங்கள். மொட்டு விட்ட காலத்தில் மண் காய்ந்தால் மொட்டு உதிரும்.

இதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். புதிதாகக் கட்டிய சுவரோரம், சீமெந்தும் சுண்ணாம்பும் கொட்டிய இடத்தில் ஒரு கன்றை நட்டு, உரமென்று அடுப்புச் சாம்பலையும் போட்டோம். நரம்பு மட்டும் பச்சையாக, இலை எல்லாம் மஞ்சளாகிக் கன்று பட்டுப்போனது. சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைக் கெடுத்துவிடும். புது வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவும். சாம்பலை மரக்கறிப் பாத்திக்கு அளவாகப் போடலாம், கமேலியாவுக்கு வேண்டாம்.

கன்று உண்டாக்குவது எப்படி? விதை போட்டால் தாய்ச்செடி போலவே வராது. நல்ல அடுக்குப் பூக்களில் மகரந்தமே இதழாக மாறிவிடுவதால் பலவற்றில் விதையும் இல்லை. ஆகவே தண்டு வெட்டித்தான் வளர்க்க வேண்டும். தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இளம் நுனியும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். நடுத்தண்டில் இலையோடு துண்டு வெட்டி, பொலித்தீன் பையில் மண் நிரப்பி நட்டு, நிழலிலும் ஈரத்திலும் வைப்பதுதானே வீபீ கன்று முறை? அதே முறைதான். தாய்ச்செடி உரியவரிடம் கேட்டே தண்டு வெட்டுங்கள்.

ஒன்று கவனிக்க: பூச்செடிக் கமேலியாவின் இலை தேநீருக்கு ஆகாது.

இப்போது அந்த அம்மாவுக்குப் பதில். அம்மா, எந்தத் தண்டு வேர் பிடிக்கும், எப்போது வெட்ட வேண்டும், எந்த மண் ஒத்துவரும் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற நாடுகளில் இதைப் புத்தகம் வாங்கிப் படிக்கிறார்கள். "கொழுந்து எடுக்கத்தானே தெரியும்" என்று இனிப் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்:
1. கொழுந்து எடுக்கும் தேயிலையில் பூ ஏன் அரிது?
2. கமேலியாவுக்குச் சாம்பல் ஏன் கூடாது?
3. உங்கள் வீட்டில் தவறணை வேலை தெரிந்தவர் யார்? அவரிடம் கேட்டு ஒரு கன்று நடுங்கள்.