'புரொசீஜர்' என்னும் சொல்

நாள்தோறும் நம் இல்லங்களில் புழங்கியும் முழுப்பொருள் விளங்காமல் நிற்கும் ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் 'புரொசீஜர்' என்பதும் ஒன்று. வங்கியிலும் இச்சொல், வழக்கறிஞரிடத்தும் இச்சொல், மருத்துவமனையிலும் இச்சொல். இதனைச் சிறிது ஆராய்வோம்.

'முன்னே செல்லுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது இச்சொல். ஊர்வலத்தைக் குறிக்கும் 'புரொசெஷன்' இதற்கு உடன்பிறப்பு. ஆகவே, முன்னரே வகுத்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுதல் என்பதே இதன் உட்கருத்து.

மாணாக்கர் இடறும் இடம் ஒன்றுண்டு. 'புரொசீட்' என்னும் வினைச்சொல்லை எழுதுகையில் 'சி' என்ற எழுத்துக்குப் பின் 'ஈ' இருமுறை வரும். 'புரொசீஜர்' என்னும் பெயர்ச்சொல்லில் அவ்விடத்தில் ஒருமுறையே வரும். ஒலி நீண்டிருப்பதால் இங்கும் இரண்டு போட்டு விடுகின்றனர்.

'மெத்தட்', 'பிராக்டிஸ்' ஆகிய சொற்களோடு இதனைக் குழப்பிக்கொள்வோரும் உளர். பள்ளியையே எடுத்துக்கொள்வோம். பின்னக் கணக்கை ஆசிரியை விளக்கும் வழி 'மெத்தட்'. அது ஆளுக்கு ஆள் மாறும். காலையில் வணக்கக் கூட்டம் நடத்துவது 'பிராக்டிஸ்', வழக்கமாகி விட்டது. மாற்றுச் சான்றிதழ் பெற விண்ணப்பம் எழுதி, பாக்கி இல்லை என்று கையொப்பம் வாங்கி, அலுவலகத்தில் கொடுப்பது 'புரொசீஜர்'. அதில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படி இல்லை.

தமிழில் நடைமுறை, வழிமுறை, செய்முறை என இடத்திற்கேற்பச் சொல்கிறோம். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் 'செய்முறை' என்பது மிகப் பொருத்தம். ஆனால் மதுரைப் பக்கத்து உறவினரிடம் 'செய்முறை' என்றால், எவ்வளவு மொய் செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார்கள்!

சட்டத்தில் இச்சொல்லுக்குள்ள கனம் தனி. சட்டம் விதித்த நடைமுறையின்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறித்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. இங்கே 'நடைமுறை' என்றது எதனை? சென்னை மாநிலத்திற்கு எதிராக ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், சட்டமன்றம் முறைப்படி இயற்றிய எந்த நடைமுறையும் போதும் என்றனர். நீதிபதி பசல் அலி இதற்கு மாறுபட்டார். 1978இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், அந்நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப் பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சொல்லுக்குக் கொண்ட பொருள் விரிந்தது, குடிமக்களின் காப்பும் விரிந்தது.

இனி மருத்துவமனைக்கு வருவோம். நம் முதியோர் மிகுதியும் ஏமாறும் இடம் இதுவே என்பது என் கருத்து. 'ஒரு சின்ன புரொசீஜர்தான்' என்று மருத்துவர் சொன்னால், ஏதோ காகிதம் நிரப்பும் சடங்கு என்று எண்ணித் தலையசைத்து விடுகின்றனர். மருத்துவ வழக்கில் இச்சொல், உடலில் செய்யப்படும் ஒரு செயலைக் குறிக்கும். மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதய இரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஆஞ்சியோகிராமும் ஒரு புரொசீஜரே.

அதிலும் நோயைக் கண்டறியச் செய்வது வேறு, நோயைத் தீர்க்கச் செய்வது வேறு. 1995இல் தில்லியில் ஒரு பெண்மணி வயிற்றைக் குழாய்க் கருவியால் சோதிப்பதற்கு ஒப்புதல் தந்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், தாயாரிடம் கையொப்பம் பெற்றுக் கருப்பையை அகற்றிவிட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது, உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு என்று 2008இல் தீர்ப்பு வந்தது. வயது வந்து, அறிவுத் தெளிவோடு உள்ள ஒருவருக்காகத் தாய் அளித்த ஒப்புதலும் செல்லாது என்றனர் நீதிபதிகள்.

ஆகவே, ஒப்புதல் படிவத்தில் 'புரொசீஜர்' என்ற சொல்லை அடுத்துள்ள இடம் வெறுமையாக இருந்தால் கையொப்பம் இடாதீர்கள். செய்யப்போவதன் பெயரை அங்கே எழுதச் சொல்லுங்கள். பின்னர், 'இது பார்ப்பதற்கா, சரிசெய்வதற்கா?' என்று தமிழிலேயே கேளுங்கள், ஆங்கிலம் வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர் தனியே செல்வதாயின், இக்கேள்வியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள்.