களஞ்சியத்திலும் அரிசி ஆலையிலும் எல்.ஈ.டி. விளக்குகள்

நெல்லை விளைவித்தல் ஒரு வேலை. விளைந்த நெல்லைப் பழுதின்றிக் காத்தல் மற்றொரு வேலை. பெரும்போக அறுவடை களஞ்சியத்தை அடைந்தவுடன் கமக்காரரின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. வீட்டாரின் உணவு, அடுத்த போகத்துக்குரிய விதைநெல், கடன் தீர்ப்பதற்காக விலை உயரும்வரை வைத்திருக்கும் மூடைகள் ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஈரம், எலி, அந்து, வண்டு, தீ என்பன அவற்றின் பகைகள். இப்பகைகளைக் காலத்தோடு கண்டுகொள்வதற்கு வெளிச்சம் வேண்டும். ஆயின் அவ்வெளிச்சமே வீண் செலவுக்கும் தீ விபத்துக்கும் காரணமாகிவிடலாகாது. எல்.ஈ.டி. விளக்குகளை எங்கே, எவ்வாறு அமைத்தால் நன்மை கிடைக்கும் என்பதைக் கமக்காரர்களுக்கும், கூட்டுறவுச் சங்கக் களஞ்சியங்களை நடத்துவோருக்கும், சிறு அரிசி ஆலை உடையோருக்கும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

எல்.ஈ.டி. விளக்கு என்பது யாது?

பழைய மின்குமிழில் மெல்லிய இழையொன்று மின்சாரத்தாற் பழுக்கக் காய்ந்து ஒளி தருகின்றது. அதிற் செல்லும் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே கழிந்துவிடுகின்றது. எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயியில் இழை இல்லை. சிறியதொரு குறைகடத்தித் துண்டின் ஊடாக மின்னோட்டம் செல்லும்போது அதுவே ஒளியை உமிழ்கின்றது. கண்ணுக்குத் தெரியும் செந்நிற ஒளியைத் தரும் எல்.ஈ.டி. 1962ஆம் ஆண்டிலே ஆக்கப்பட்டது. பிரகாசமான நீலநிற ஒளி தரும் எல்.ஈ.டி. 1990களில் வந்த பின்னரே, அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசி வீட்டுக்கும் ஆலைக்கும் ஏற்ற வெள்ளொளியைப் பெற முடிந்தது. இந்த நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்தமைக்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா என்னும் மூவருக்கும் 2014ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விளக்குத் தரும் ஒளியின் அளவை உலூமன் என்பர். அது உட்கொள்ளும் மின்வலுவை உவாற்று என்பர். 60 உவாற்று இழைக்குமிழ் ஏறக்குறைய 700 முதல் 800 வரையான உலூமன் ஒளி தரும். அதேயளவு ஒளியை 9 உவாற்று எல்.ஈ.டி. குமிழ் தந்துவிடும். இழைக்குமிழ் ஏறத்தாழ 1,000 மணி நேரம் எரியும். நல்ல எல்.ஈ.டி. குமிழ் 15,000 மணி நேரமும் அதற்கு மேலும் எரியும்.

செலவுக் கணக்கு

மின்சாரச் செலவைக் கணக்கிடுதல் எளிது. விளக்கின் உவாற்றை அது எரியும் மணிகளாற் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் அலகுகள் கிடைக்கும்.

ஆறு குழாய்விளக்குகள் உள்ள ஓர் அரிசி ஆலையை உதாரணமாகக் கொள்வோம். 36 உவாற்றுப் பழைய குழாய்விளக்கு, அதனோடு சேர்ந்த சோக்கையும் கூட்டினால், ஏறக்குறைய 45 உவாற்றுக் கொள்ளும். ஆறு விளக்குகளும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால், முப்பது நாளில் 81 அலகுகள் செலவாகும். அவற்றுக்குப் பதிலாக 18 உவாற்று எல்.ஈ.டி. குழாய்கள் ஆறினை இட்டால் 32.4 அலகுகளே செலவாகும். மாதந்தோறும் 48.6 அலகுகள் மீதியாகும். ஓராண்டில் ஏறத்தாழ 583 அலகுகள் மீதியாகும். இத்தொகையை உங்கள் மின்கட்டணச் சிட்டையிற் கண்ட அலகு விலையாற் பெருக்கிப் பாருங்கள். புதிய குழாய்களுக்குக் கொடுத்த பணம் எத்தனை மாதங்களில் திரும்பும் என்பது தெளிவாகும்.

இனி, வீட்டோடு சேர்ந்த ஒரு நெற்களஞ்சியத்தைப் பார்ப்போம். அங்கே 60 உவாற்றுக் குமிழ் ஒன்று நாளொன்றுக்கு அரைமணி நேரம் எரிகின்றது. மாதம் முழுவதற்கும் செலவாவது 0.9 அலகு மட்டுமே. எல்.ஈ.டி. இட்டாலும் ஓர் அலகுகூட மிஞ்சாது. ஆகவே, அதிக நேரம் எரியும் விளக்கையே முதலில் மாற்றுதல் வேண்டும். ஆலையின் வேலைக்கூடம், இரவு முழுவதும் எரியும் காவல் விளக்கு, மரக்கறி தரம்பிரிக்கும் கொட்டகை என்பன முதலிடம் பெற வேண்டியவை. வீட்டுக் களஞ்சியத்தில் விளக்கை மாற்றுவதற்குரிய காரணம் செலவன்று. அது கீழே கூறப்படும் தீ அபாயமே.

தீயும் தூசியும்

எரிகின்ற இழைக்குமிழைக் கையால் தொட முடியாது. அதன்மேல் உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் படிந்தாலும், மூடை சரிந்து சாக்கு அதனோடு முட்டினாலும், கருகித் தீப்பற்றுதல் கூடும். எல்.ஈ.டி. விளக்கு அவ்வளவு சூடாவதில்லை. ஆயினும் அது சூடே இல்லாத விளக்கு அன்று. அதன் அடிப்பாகத்தில் வெப்பம் உண்டாகும். அவ்விடத்தைத் தூசி மூடினால் வெப்பம் வெளியேற வழியின்றி விளக்கு விரைவிற் பழுதாகும். ஆலையிலும் களஞ்சியத்திலும் தூசி புகாத மூடியுள்ள, ஐ.பீ. 65 எனக் குறிக்கப்பட்ட விளக்குகளையே வாங்குக. மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்துவிடுக.

விளக்குகளை மூடை அடுக்குகளுக்கு மேலே தொங்கவிடாது, நடைபாதைகளுக்கு மேலே அமைத்தல் நன்று. அப்பொழுது அடுக்குகளின் பக்கங்களும் அடிப்பலகைகளும் தெளிவாகத் தெரியும். எலி வளை, சிந்திய மணி, கூரை ஒழுக்கு, பூஞ்சணம் யாவும் அங்கேதான் முதலிற் காணப்படும். சுவருக்கு வெள்ளை பூசினால் குறைந்த விளக்குகளே போதும்.

பெல்ற்றும் கப்பியும் சுழலும் இடங்களில் ஒளி துடிக்காத விளக்கு வேண்டும். துடிக்கும் ஒளியிற் சுழலும் கப்பி நிற்பதுபோலத் தோன்றி, கையை இழந்துவிடும் விபத்துக்கு இடமளிக்கும். பழைய சோக்குக் குழாய்விளக்குகளிலும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகளிலும் இக்குறை உண்டு.

பூச்சிகளும் வெளிச்சமும்

நெல் அந்து ஒளியை நாடி வரும் பூச்சியாகும். பாதரச ஆவி விளக்கிலிருந்து வரும் புறஊதாக் கதிர் பூச்சிகளை மிகவும் கவரும். வெள்ளொளி தரும் எல்.ஈ.டி.யில் அக்கதிர் மிகக் குறைவு. ஆயினும் நீலங்கலந்த கடும் வெள்ளொளியைவிட மஞ்சள் சார்ந்த ஒளிக்குக் குறைந்த பூச்சிகளே வரும். ஆகையாற் களஞ்சியத்தின் வெளிப்புறத்தில் 3,000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சளொளி விளக்கை இடுக. அதனையும் கதவுக்கு நேர்மேலே மாட்டாது, சற்றுத் தூரத்தில் உள்ள கம்பத்தில் அமைத்து ஒளியைக் கதவின் பக்கம் திருப்பிவிடுக. வரும் பூச்சிகள் கம்பத்தடியிலே நின்றுவிடும்.

உள்ளே நெல்லின் நிறமும் பூஞ்சணமும் சரியாகத் தெரிவதற்கு வெள்ளொளியே ஏற்றது. நிறங்காட்டும் சுட்டெண் 80க்குக் குறையாத விளக்கைத் தெரிந்தெடுக்க வேண்டும். நெல்லை 14 வீதத்துக்கு மேற்பட்ட ஈரத்துடன் அடுக்கினால் எந்த விளக்கும் அதனைக் காப்பாற்றாது என்பதையும் நினைவிற் கொள்க.

உருளைக்கிழங்கு வைத்திருப்போருக்கு

மின்செலவு குறைவு என்பதற்காக விளக்கை அணையாது விடுதல் கூடாது. உணவுக்குரிய உருளைக்கிழங்கில் ஒளி தொடர்ந்து பட்டால் அதன் தோல் பச்சையாகும். அதனுடன் சொலனீன் என்னும் நச்சுப்பொருளும் மிகும். எல்.ஈ.டி. ஒளிக்கும் இது பொருந்தும். ஆகவே கிழங்குக் களஞ்சியத்தை இருளாக வைத்து, வேலை நேரத்தில் மட்டும் விளக்கேற்றுக. விதைக்கிழங்கு இதற்கு மாறானது. அதனைப் பரவிய மென்னொளியில் வைத்தால் முளைகள் குறுகித் தடித்து உறுதியாக வளரும். அதற்குப் பகலொளியே போதும், மின்விளக்கு வேண்டியதில்லை.

நச்சுப்புகை இடும் களஞ்சியங்கள்

பெரிய களஞ்சியங்களிற் பூச்சிகளை அழிப்பதற்கு அலுமினியம் பொஸ்பைட்டு வில்லைகள் பயன்படுகின்றன. அவற்றிலிருந்து எழும் பொஸ்பீன் வாயு மனிதருக்குக் கொடிய நஞ்சு. ஆதலால் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களே அதனைக் கையாளல் வேண்டும். அவ்வாயு செம்பையும் அரிக்கும். எல்.ஈ.டி. விளக்கினுள் நுண்ணிய மின்பாகங்கள் இருப்பதால், புகையிடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துக. கழற்றக்கூடிய விளக்குகளைக் கழற்றி வெளியே வைத்துவிடுக.

மின்வெட்டுக் காலத்தில்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. அத்தகைய காலத்தில் எல்.ஈ.டி.யின் பயன் நன்கு விளங்கும். 12 வோற்று, 20 அம்பியர்மணி மின்கலத்தின் பாதிக் கொள்ளளவை மட்டும் பயன்படுத்தினாலும், 9 உவாற்று எல்.ஈ.டி. விளக்கு ஒன்று ஏறக்குறைய 13 மணி நேரம் எரியும். 60 உவாற்று இழைக்குமிழோ இரண்டு மணி நேரமே எரியும். ஆகவே சிறிய சூரியப் பலகையும் 12 வோற்று எல்.ஈ.டி. விளக்கும் மின்கம்பி எட்டாத வயற்கொட்டிலுக்கும் ஏற்றவை. மின்சாரம் மீண்டதும் பாதரச ஆவி விளக்கைப்போலச் சில நிமிடங்கள் காத்திராது எல்.ஈ.டி. உடனே ஒளிரும் என்பதும் ஆலைக்கு நன்மையே.

வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

1. உவாற்றை மட்டும் பாராது, உறையில் உலூமன் அளவையும் பார்க்க. ஓர் உவாற்றுக்கு 80 உலூமனுக்குக் குறைந்த குமிழை வாங்க வேண்டாம். உலூமன் குறிக்கப்படாத மலிவுக் குமிழ் இறுதியில் விலைகூடியதாகவே முடியும்.

2. உத்தரவாதச் சீட்டைக் கடை முத்திரையுடன் பெற்றுப் பத்திரப்படுத்துக.

3. இடிமின்னலால் எழும் மின்னழுத்தப் பாய்ச்சல் எல்.ஈ.டி.யைக் கெடுக்கும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் இடிமழை வேளையிற் பிரதான ஆளியை நிறுத்திவிடுக.

4. பழைய குழாய்விளக்குச் சட்டத்தில் எல்.ஈ.டி. குழாயை இடுவதற்கு, பெரும்பாலும் சோக்கை நீக்கிக் கம்பிகளை மாற்றி இணைத்தல் வேண்டும். இதனைத் தகுதிபெற்ற மின்வேலையாளரைக் கொண்டே செய்விக்க.

5. எலி கடித்த மின்கம்பிகளை மாற்றாமற் புதிய விளக்கை இடுவதாற் பயனில்லை. கம்பிகளைக் குழாயினுட் செலுத்துக. மின் கசிந்தால் தானாக நிற்கும் ற்றிப் சுவிச்சையும் பொருத்துக.

6. கழற்றிய புளோரசன்ற் குழாய்களிற் பாதரசம் உண்டு. அவற்றை உடைத்து வயலிலோ வாய்க்காலிலோ எறிதல் கூடாது. உடையாது எடுத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க.

விளக்குகள் யாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு விளக்கும் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் எரிகின்றது என்பதை ஒரு கிழமைக்குக் குறித்துவைத்து, அதிகம் எரிவதிலிருந்து தொடங்குக. மூடைகளுக்கு அருகில் எரியும் இழைக்குமிழ் இருந்தால் மட்டும், அது எத்தனை நிமிடமே எரிவதாயினும், இன்றே கழற்றிவிடுக. களஞ்சிய அமைப்பைப்பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்தித்து ஆலோசனை பெறலாம்.