கேட்டறிந்த நாடு

பிறந்த நாட்டை அறியாதார் யாவர் என்று வினவினால், அத்தகையோர் ஒருவரும் இலர் என்றே பலரும் விடை கூறுவர். வாழும் தெருவும் நடக்கும் வழியும் பேசும் மொழியுமே நாடு என்றால் அவ்விடை பொருந்தும். ஆயின், ஒரே ஊரில் பல்லாண்டு வாழ்ந்தும், அடுத்த தெருவில் உள்ளோர் எதனை ஓதுகின்றனர், எதனைப் போற்றுகின்றனர் என்பதை அறியாதிருப்போர் பலர். நூல்களை ஐயந்திரிபறக் கற்ற புலவர்க்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. அவ்வாறு நேர்ந்த ஒருவர், தம் நாட்டவரிடமே சென்று வினவித் தம் நாட்டின் பழஞ்செல்வம் ஒன்றை மீட்ட வரலாறு அறியத்தக்கது.

1880ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல வகை நூல்களை நெஞ்சில் நிறுத்தியவர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் கற்றவற்றின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டவர் முகத்திலோ மகிழ்ச்சிக் குறி தோன்றவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றிற்கு முற்பட்ட சீவகசிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் கற்றதுண்டா என்று அவர் வினவினார். கல்லூரியில் தமிழ் பயிற்றும் ஆசிரியர், 'இல்லை' என்று விடை கூற வேண்டியதாயிற்று.

முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை ஐயரிடம் கொடுத்து, அதனைப் படித்துப் பொருள் சொல்லுமாறு வேண்டினார். திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய அக்காப்பியம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையது. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் இருந்தது. சொல் விளங்கியது, தொடர் விளங்கியது, கதையும் ஓரளவு விளங்கியது. ஆயினும், நூல் முழுவதும் ஊடுருவி நிற்கும் சமண சமயக் கொள்கைகள் அவருக்கு விளங்கவில்லை. சைவக் குடும்பத்திற் பிறந்து, சைவ ஆதீனத்தைச் சார்ந்து கல்வி கற்றவருக்கு அவற்றைக் கற்பிப்பார் யார்? ஏட்டிலும் விடை இல்லை. உரையிலும் முழு விடை இல்லை.

அந்நிலையில், கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கின்றனர் என்ற செய்தி அவருக்குத் தெரிய வந்தது. அவர் சந்திரநாத செட்டியார் என்னும் சமண அன்பரின் இல்லத்திற்குச் சென்றார். வாயிலில் மாக்கோலமும் தோரணமும் விளங்கின. திருமணமோ என எண்ணி வினவினார். திருமணம் அன்று, ஆறு திங்களாகப் பலர் கூடிச் சிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டு வந்தனர், அது நிறைவுற்றமைக்காக நடந்த விழா என்று விடை வந்தது!

அவ்விடையைக் கேட்டு ஐயர் அடைந்த வியப்பு எளிதில் அளவிடத்தக்கதன்று. தமிழாசிரியர்களும் பெயரளவிலேயே அறிந்திருந்த நூலை, அதே நகரில் வணிகர் சிலர் சமய நூலாகப் போற்றி, முறையாக ஓதி, விழாவும் எடுத்து வந்தனர். அவர்கள் அதனை மறைத்து வைத்தவர் அல்லர். வெளியார் எவரும் கேட்டிலர். அதனால் அவர்கள் சொல்லிலர். இருவேறு சமயத்தார்க்கிடையே பண்டு நிகழ்ந்த வாதங்களின் நிழல் பிற்காலத்தும் நீங்காதிருந்தது என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். சைவர் ஒருவர் சமணக் காப்பியத்தில் ஈடுபடுவதைக் குறை கூறியவர்களும் அந்நாளில் இருந்தனர். ஐயர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

அதன்பின் அவர் அச்சமண அன்பர்களிடம் பன்முறை சென்றார். அவர் வினவிய முறை கருதத்தக்கது. வெறுங்கையராய்ச் சென்று, 'உங்கள் சமயம் யாது?' என்று அவர் கேட்டிலர். முன்னரே நூலைப் பயின்று, ஐயம் எழுந்த இடங்களை மனத்திற் கொண்டு, இச்சொல்லுக்கு உங்கள் வழக்கில் பொருள் என்ன, இவ்வினையை எவ்வாறு வகுப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வினவப்பட்டோர் தம் மரபின்படி விளக்கினர். அவ்விளக்கத்தைச் செய்யுளோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தாவிடத்து மீண்டும் சென்று கேட்டார். ஆசிரியப் பதவி வகித்தவர், கேட்பதனால் தமக்குச் சிறுமை உண்டாகும் என்று கருதவில்லை. பிற சமயத்தவராயிருந்தும் அவர் காட்டிய ஆர்வத்தைக் கண்ட சமணர்கள், அவரைப் 'பவ்விய சீவன்' என்று பாராட்டினர். வீடு பெறுதற்குத் தகுதியுடைய உயிரைக் குறிக்கும் சொல் அது. அவர்கள் வழக்கில் அதனினும் உயர்ந்த பாராட்டு அரிது. 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறியது.

வினவுதற்கு ஆள் இல்லையாயின் என்ன நேரும்? அதற்கும் ஐயர் வாழ்விலேயே சான்று உண்டு. மணிமேகலை பௌத்த சமயக் காப்பியம். அதனைப் பதிப்பிக்க முற்பட்டபோது, பௌத்தக் கொள்கைகளை விளக்குவாரைத் தேடினார். ஒரு காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் காஞ்சியிலும் பௌத்தப் பள்ளிகள் விளங்கின. ஐயர் காலத்திலோ, அம்மரபை வழிவழியாகக் காத்து வந்த தமிழ்ப் பௌத்தர் ஒருவரும் அவருக்குக் கிடைத்திலர். ஆகவே மளூர் இரங்காசாரியார் என்னும் அறிஞர், மேனாட்டார் பௌத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல்களைப் பயின்று, தாம் அறிந்தவற்றை ஐயருக்கு எடுத்துரைத்தார். 1898இல் மணிமேகலை வெளிவந்தது. தமிழில் தோன்றிய நூலின் பொருளைத் தமிழர் கடல் கடந்த மொழியொன்றின் வாயிலாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது! சிந்தாமணிக்கு அடுத்த தெருவில் விடை கிடைத்தது. மணிமேகலைக்கு அத்தெருவே இல்லாமற் போயிற்று. கும்பகோணத்துச் சமணரிடம் ஐயர் வினவியது எவ்வளவு ஏற்ற காலத்தில் நிகழ்ந்தது என்பது இவ்விரண்டையும் ஒப்பு நோக்கினால்தான் விளங்கும்.

இடைப்பட்ட 1894ஆம் ஆண்டு ஐயர் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதிலே தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வீரமும் கொடையும் பாடப்பட்டுள்ளன. அவன் ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியை யாவரும் அறிவர். அவன் இறந்தபின் அவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டதைக் கண்டு ஔவையார் வருந்திப் பாடிய பாட்டும் அந்நூலில் உண்டு. தகடூர் என்பது இக்காலத்துத் தருமபுரி. அம்மன்னன் பெயர் தாங்கிய அதியமான்கோட்டை அந்நகருக்கு அருகிலே உள்ளது. 1965ஆம் ஆண்டு தனி மாவட்டம் ஆகும்வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியில் இண்டூர் என்னும் ஊர் இருக்கிறது. பென்னாகரத்தைக் கடந்து சென்றால் காவிரி பாறைகளிடையே வீழும் ஒகேனக்கல்லை அடையலாம். ஒகேனக்கல் என்ற பெயருக்குப் பொருள் யாது? தமிழ் மட்டும் அறிந்தவர் எத்துணை எண்ணினும் விடை காணார். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரைக் கேட்டால், 'ஹொகெ' என்பது புகை, 'கல்' என்பது கல் என்று நொடியிற் சொல்லிவிடுவர். வீழும் நீர் திவலையாய்ச் சிதறிப் புகைபோல் எழுவதால் வந்த பெயர் அது. தருமபுரி மாவட்டத்தில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக உடையோர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அண்டை வீட்டாரிடம் பேசுதல் அங்கே ஓர் அகராதியைப் புரட்டுதற்கு ஒப்பாகும்.

அதியமான் காலத்து நடுகல் வழக்கம் அவனோடு முடிந்துவிடவில்லை. பிற்காலத்தும் பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போரிட்டு இறந்தவர்க்கு இப்பகுதியில் கற்கள் நாட்டப்பட்டன. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையினர், இரா. நாகசாமி அதன் தலைவராயிருந்தபோது, செங்கம் பகுதியிலும் தருமபுரிப் பகுதியிலும் ஊர் ஊராகச் சென்று அவற்றைத் தேடிப் படித்தனர். பல கற்களில் வட்டெழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. 'தொறு' என்று அவற்றில் வருவது ஆநிரையைக் குறிக்கும் சொல். செங்கம் பகுதியில் எடுத்தனூரில், வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, அது கள்வரைக் கடித்த செய்தியையும் எழுதிய கல் ஒன்று உண்டு. நாயின் நன்றியைக் கல்லில் எழுதி வைத்தவர்களை எண்ணுந்தோறும் உள்ளம் உருகும்.

இக்கற்களைத் தேடிச் செல்வோர், 'நடுகல் எங்கே?' என்று வினவினால் ஊரார் விழிப்பர். அச்சொல் நூல் வழக்கு. 'வேடியப்பன் கோயில் எங்கே?' என்று கேட்டால், ஆடு மேய்க்கும் சிறுவனும் வழி காட்டுவான். வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் அவ்வீரனை இப்பகுதி மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு வணங்குகின்றனர். பழைய எழுத்தைப் படிக்கும் பயிற்சி ஆராய்ச்சியாளர்க்கு உண்டு. கல் இருக்கும் இடத்தை அறிந்தவரோ ஊரார். இவ்விருவரும் பேசிக்கொள்ளாவிடில் கல் கல்லாகவே கிடக்கும்.

அயலாரும் இந்நிலத்தில் வினவியதுண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தபின், ரீடு என்பவரும் அவருக்குத் துணைவராயிருந்த மன்றோ முதலியோரும் வயல்களை அளந்து, மண்ணின் தரத்தையும் விளைவையும் விசாரித்து எழுதினர். அவர்கள் எழுதி வைத்தவை வரலாற்றுக்கு மிகவும் பயன்படுகின்றன. ஆயினும் வரி விதிக்க வருபவரிடம் குடியானவர் எல்லாவற்றையும் மனந்திறந்து சொல்லியிருப்பர் என்று எதிர்பார்த்தல் இயலாது. கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்பவர் முதலில் அளந்து பார்க்கிறார்.

இண்டூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் பகுதியை அறிய விரும்பி, முதியவர் ஒருவரிடம் சென்றால் எதனைக் கேட்கலாம்? இக்கல்லை நாட்டியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் 'தெரியாது, அப்பா' என்றே விடை வரும். அதனால் மனந்தளர்தல் கூடாது. இக்கல்லுக்கு எந்தத் திங்களில் பொங்கலிடுவீர்கள், எந்தக் குடும்பத்தார் முதலில் பூசை செய்வர், அவர்கள் எவ்வூரிலிருந்து இங்கே வந்தவர்கள், இவ்வயலை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பர், கேழ்வரகும் சாமையும் தவிர முன்பு எவை விளைந்தன, மழை பொய்த்த ஆண்டில் ஆடுமாடுகளை எங்கே ஓட்டிச் சென்றீர்கள் என்று கேட்டால், முதியவர் மடை திறந்தாற்போல் பேசத் தொடங்குவார். அவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டல் வேண்டும். அவர் வழங்கிய சொல்லை இலக்கண வழக்காகத் திருத்தாமல், அவர் சொன்னவாறே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்; ஒருகால் அச்சொல்லே பழைய நூலொன்றின் ஐயத்தைத் தீர்க்கும். சொன்னவர் ஊர், வயது, கேட்ட நாள் ஆகியவற்றையும் உடன் குறித்து, வேறொரு முதியவரிடமும் அதே வினாக்களைக் கேட்டல் நன்று. இருவர் கூற்றும் மாறுபட்டால், ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் எழுதி வைத்தல் வேண்டும்.