கருவிகளோடு பேசும் மொழி



கோவை என்றதும் பஞ்சாலைகளோடு பம்புசெட்டுகளும் நினைவுக்கு வரும். ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இங்கே மின்மோட்டாரை உருவாக்கினர். அன்று தொடங்கிய தொழில் இன்று தழைத்து நிற்கிறது. ஒரு மோட்டாரை விற்பனைக்கு அனுப்புமுன் அதன் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன், வேகம் ஆகியவற்றை அளந்து பார்க்க வேண்டும். இவற்றை ஒருவர் மீட்டரைப் பார்த்து எழுதலாம். கணிப்பொறியே கருவிகளிடம் கேட்டுப் பெறவும் செய்யலாம். அப்படிக் கேட்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு.

அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் கருவிகளைக் கணிப்பொறியுடன் இணைக்கும் முறையை வகுத்தது. அது 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்னும் பொதுத்தரமாயிற்று. கம்பி பொதுவானதே தவிர, பேச்சு பொதுவாகவில்லை. ஒரே அளவைக் கேட்க ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் வெவ்வேறு கட்டளை தேவைப்பட்டது. கருவியை மாற்றினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டும். இக்குறை நீங்க, 1990-இல் பல நிறுவனங்கள் கூடி ‘ஸ்கிப்பி’ என்னும் பொதுமொழியை வகுத்தன. எந்தப் பங்கிற்குப் போனாலும் திருப்பலியில் நாம் சொல்லும் பதிலுரை ஒன்றாக இருப்பதால் புதிய ஊரிலும் நாம் தடுமாறுவதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

இம்மொழியின் விதிகள் எளியவை.

1. கட்டளை பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும். மாவட்டம், வட்டம், ஊர் என்பதுபோல. இடையில் முக்காற்புள்ளி வரும். எடுத்துக்காட்டு: மெஷர்:வோல்டேஜ்:ஏசி?

2. இறுதியில் கேள்விக்குறி இருந்தால் கருவி பதில் தரும். இல்லையேல் சொன்னதைச் செய்துவிட்டு மௌனமாக இருக்கும்.

3. ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே போதும். நான்காவது எழுத்து உயிரெழுத்தானால் முதல் மூன்று எழுத்துகள். ‘வோல்டேஜ்’ என்பது ‘வோல்ட்’ ஆகும். ‘பவர்’ என்பதற்குப் பி, ஓ, டபிள்யூ போதும்.

4. நட்சத்திரக் குறியுடன் தொடங்குபவை பொதுக் கட்டளைகள். ‘*ஐடிஎன்?’ என்று கேட்டால் கருவி தன்னைச் செய்த நிறுவனம், மாதிரி, வரிசை எண், உள்நிரல் பதிப்பு ஆகிய நான்கையும் கூறும்.

மின்னழுத்தம் 415 வோல்ட் என்றால் பதில் +4.15ஈ+02 என்ற வடிவில் வரும். அதாவது 4.15-ஐ 100-ஆல் பெருக்க வேண்டும்.

இனி, மிக முக்கியமான ஒன்று. கட்டளையில் ஓர் எழுத்து பிழையானாலும் கருவி ஊகித்துச் செய்யாது. வாய்விட்டுச் சொல்லவும் சொல்லாது. பிழையைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டு பழைய அமைப்பிலேயே இருந்துவிடும். இதையறியாத நிரல் தொடர்ந்து ஓடினால், அன்று சோதித்த அத்தனை மோட்டாருக்கும் தவறான அளவே பதிவாகும். அதை நம்பி வாங்கிய விவசாயியின் கிணற்றடியில்தான் தவறு வெளிப்படும்.

ஆகவே நல்ல நிரல், கட்டளை அனுப்பியபின் ‘சிஸ்டம்:எரர்?’ என்று கேட்கும். பதில் 0 எனில் பிழையில்லை. -113 எனில் கட்டளைச் சொல்லே கருவிக்குத் தெரியவில்லை. -222 எனில் கொடுத்த எண் எல்லை மீறியது.

நாளை பாலிடெக்னிக்கிலோ பொறியியற் கல்லூரியிலோ சோதனைக்கூடத்திற்குள் நுழையும்போது இதை நினைவில் வையுங்கள். தெளிவாகக் கட்டளையிடுவது பாதி வேலை. அது புரிந்ததா என்று கேட்டறிவதே மீதிப் பாதி.