டிரைசூட் இறுக்கும் முன்பே காற்று விடுங்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகள் சூழ்ந்த ஸ்காப்பா ஃப்ளோவில் கோடையிலும் தண்ணீர் 13 டிகிரி அளவில்தான் இருக்கும். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் கடற்படையினர் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களில் பெரியவை ஏழு இன்னும் அதன் அடியில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அணிவது டிரைசூட். உடலில் தண்ணீர் படாது. உடைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஆழம் கூடக்கூட இறுக்கம் வருவதும் அந்தக் காற்று சுருங்குவதால்தான்.

மேலே 1 பார் அழுத்தம். 10 மீட்டரில் 2 பார், காற்றின் கனஅளவு பாதி. அது மறுபடியும் பாதியாகக் குறைய 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே இறுக்கம் மிக வேகமாக வருவது முதல் பத்து மீட்டரில். புதிதாக வருகிறவர்கள் பலர் அந்த நேரத்தில் காதடைப்பை நீக்குவதிலேயே கவனமாக இருந்து, சூட்டை மறந்துவிடுகிறார்கள். தொடையிலும் அக்குளிலும் மடிப்பு கிள்ளத் தொடங்கிய பிறகுதான் சூட்டுக்குள் காற்று விடும் வால்வின் பொத்தானைத் தேடுகிறார்கள். வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒருமுறை, நெஞ்சிலுள்ள அந்த வால்வைச் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். நீளமாக அழுத்திப் பிடித்தால் காற்று ஒரேயடியாக நிறைந்துவிடும். மிகக் குளிர்ந்த நீரில் வால்வு உறைந்து திறந்தபடியே நின்றுவிடவும் கூடும்.

‘கொஞ்சம் இறுக்கம்தானே, பொறுத்துக்கொள்ளலாம்’ என்று படகுகளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. மேலே வந்தபின் தோலில் தெரியும் சிவந்த கோடுகள் சில நாளில் மறைந்துவிடும். ஆனால் கீழே இருக்கும்போது மூச்சை முழுதாக இழுக்க முடியாது. சிலிண்டர் வால்வை எட்டக் கை உயராது. உள்ளாடை நசுங்கி, அதிலிருக்கும் காற்று போனதும் குளிர் ஏறிவிடும். அவசரத்தில் கை எட்டவில்லை என்றால் அதைச் சின்ன அசௌகரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இறுக்கத்தின் காரணம் சில நேரம் படகிலேயே தொடங்கிவிடுகிறது. ஜிப் மூடியதும் குந்தி உட்கார்ந்து, கழுத்து ரப்பரை விரலால் விலக்கி உள்காற்றை வெளியேற்றுவோம். அளவோடு செய்தால் நல்லது. ஒட்ட வெளியேற்றிவிட்டால் குதிக்கும் முன்பே சூட் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளாடை சுருங்காமல் இருக்கிறதா, முழங்காலுக்குப் பின்னே துணி திரண்டிருக்கிறதா என்று நீவிப் பார்த்துவிடுங்கள். பருத்தி வேண்டாம்; வியர்வையை வைத்துக்கொண்டு குளிரூட்டும். கம்பளியோ ஃப்ளீஸோ போதும். கழுத்து ரப்பர் தலைசுற்றும் அளவுக்கு இறுகினால் அன்று இறங்கவே கூடாது.

சிலிண்டரிலிருந்து நெஞ்சு வால்வுக்கு வரும் காற்று ஹோஸ் சரியாக மாட்டியிருக்கிறதா என்று குதிக்கும் முன் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். இறங்குகயிற்றைப் பிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றை வெளியேற்றும் வால்வு பொதுவாக இடது மேற்கையில் இருக்கும். அது திறந்திருக்க, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினால், விட்ட காற்றெல்லாம் அந்த வழியாகவே போய்விடும். இறங்கும்போது வால்வை மூடுங்கள், கயிற்றைத் தாழப் பிடியுங்கள். ஏறத் தொடங்கும் முன் மறக்காமல் திறந்துவிடுங்கள். ஏறும்போது அந்த வால்வே உடம்பில் மிக உயர்ந்த இடமாக இருக்க வேண்டும்.

மிதவையைச் சூட்டிலேயே சமாளிப்பதா, முதுகிலுள்ள மிதவைப் பையிலா என்பதில் பயிற்சியாளர்களிடையே இரண்டு கருத்து உண்டு. நான் சூட்டில் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் விட்டு, மீதியைப் பையில் வைத்துக்கொள்வேன். தேவைக்கு மேல் ஈயம் கட்டினால் அதை ஈடுகட்ட அதிகக் காற்று விட வேண்டிவரும். அது பானைத் தண்ணீர் போல உள்ளே தளும்பி, கால்பக்கம் போனால் ஆளையே தலைகீழாக மேலே இழுக்கும்.

உலர் கையுறை போடுகிறவர்கள் மணிக்கட்டு ரப்பருக்கு அடியில் ஒரு சின்னக் கயிற்றைச் செருகிக்கொண்டால், சூட்டின் காற்று கைக்கும் போகும், விரல்கள் நசுங்காது. அதே கையுறையோடு ஹோஸைக் கழற்றி மாட்டுவதையும் ஆழமில்லாத இடத்தில் பழகிக்கொள்ளுங்கள். நெஞ்சு வால்வு திறந்தபடி சிக்கினால் உடனே செய்ய வேண்டியது ஹோஸைக் கழற்றுவதுதான்.